மூன்று குடைக்கம்பியும் ஒரு சும்மாடும்

போன மாதம் நான் வேலை பார்த்த மிளகு ஷெட்டிலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே மெயின்டனன்ஸ் பார்க்கும் பெண் பேசினார். பழைய ரோலர் கன்வேயரைக் கழற்றி இரும்புக்குப் போடுகிறார்களாம்.

"சார், கதவுக்கிட்ட ரெண்டு ரோலருக்கு நடுவுல மூணு குடைக்கம்பி கெடக்குதுங்க. ஒவ்வொண்ணு வாலுலயும் நட்டு மாட்டி, ஒரு கண்ணாடிக் குழாயும் கட்டியிருக்குது. யாராச்சும் வெளையாட்டுக்குப் பண்ணினதுங்களா?"

"குழாயை ஒடைச்சுடாதீங்க, உள்ளே பாதரசம் இருக்குது. அது வெளையாட்டில்லீங்க. அதுக்குப் பின்னால ஒரு உசுரு இருக்குது."

"அதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க சார், எல்லாரும் படிக்கட்டும்" என்றார் அவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டு மிக்ஸியைப் பழுது பார்த்து மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பவனை யாராவது ஒரு வேலைக்குக் கூப்பிட்டால் விடுவானா? உடனே சரி என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் கதையில் நான் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்து, ஏன் ஒத்துக்கொண்டோம் என்று ஆகிவிட்டது.

நான் சேலத்தில் ஐ.டி.ஐ. முடித்தவன். மூன்று இடங்களில் கூலிக்கு வயர் இழுத்தேன். இரண்டு இடங்களில் ஓனர்கள் பொறுமை இழந்தார்கள். ஏற்காட்டுக்கு வந்தது குளிருக்கு ஆசைப்பட்டு. பத்தே நாளில் அந்த ஆசை தீர்ந்தது, வேலை மட்டும் ஒட்டிக்கொண்டது. பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

ஷெட் தலைச்சோலைக்குப் போகும் ரோட்டில் இருந்தது. மலையில் மழைக்காலம் வந்துவிட்டால் மிளகு காயாது. வெயில் வந்ததா போனதா என்று யோசிப்பதற்குள் மேகம் இறங்கிவிடும். அதனால் எங்களிடம் ஒரு சூட்டறை இருந்தது. லாரி உள்ளே போகிற அளவு பெரிய அறை. வெளியே விறகு அடுப்பு, உள்ளே தரையோரமாகச் சூட்டுத் தகடுகள், சுவரில் ஆளுயரக் காற்றாடி. ஈர மிளகைத் தட்டுத் தட்டாக ரோலர் மேல் வைத்துத் தள்ளினால் உருண்டுகொண்டே அறைக்குள் போகும். பிறகு மேலேயிருந்து இரும்புக் கதவு இறங்கும், காற்றாடி ஓடும். உள்ளேயிருந்து அந்தக் கதவைத் திறக்க வழியில்லை. கத்தினாலும் காற்றாடிச் சத்தத்தில் வெளியே கேட்காது.

கதவு தட்டின் தலையில் இறங்கிவிடாமல் இருக்க, வாசலில் இருந்த ஒரு ரோலரை மட்டும் ஸ்பிரிங் மேல் உட்கார வைத்திருந்தார்கள். கனம் ஏறினால் அது அரை விரல்கடை இறங்கும், அடியிலிருக்கும் சுவிட்சை அழுத்தும், கதவு நிற்கும். மிளகு நிறைந்த தட்டு என்றால் பிரச்சினை இல்லை. கழுவிய வெறும் தட்டைக் காய வைக்க அனுப்பினால்தான் வம்பு. அது கனமே இல்லாமல் ஸ்பிரிங் ரோலர் மேல் விருந்தாளி மாதிரி நாசூக்காக நிற்கும். சுவிட்சுக்குத் தெரியாது. கதவு இறங்கும், தட்டு அப்பளமாகும்.

தட்டு போனால் போகட்டும். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு முறை மனுஷர் உள்ளே போகவேண்டியிருந்தது. சிந்திய மிளகு சூட்டுத் தகட்டில் விழுந்து கருகினால் மொத்தச் சரக்கும் கருகல் வாசம் அடிக்கும். அதைக் கூட்டி அள்ள வேண்டும். அந்த வேலை பாவாயியுடையது. தலைச்சோலைக்காரி. முன்பு எஸ்டேட்டில் காப்பி மூட்டை சுமந்தவள். முறைப்படி பார்த்தால், அவள் உள்ளே போகுமுன் என்னைக் கூப்பிட வேண்டும், நான் வந்து ப்யூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். நான் பெரும்பாலும் டீக்கடையில் இருப்பேன். எனவே அவளும் அவளுக்கு முன்னால் கூட்டிய பெண்களும் தாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாட்டைச் சுருட்டி வாசல் ரோலர் மேல் வைத்துவிட்டு உள்ளே போவார்கள். ரோலரில் சும்மாடு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சுவிட்சைப் போடும் ஆள் அதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொள்வான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

எங்கள் ஃபோர்மேன் காதர் பாய். சேலத்துக்காரர், ஏற்காட்டுக் கடைவீதியில் அவர் தம்பிக்குத் துணிக்கடை. சத்தம் போட்டே பேசமாட்டார். கோபம் ஏற ஏற மரியாதையும் கூடும். சாதாரண நாளில் நான் 'தம்பி'. அவர் என்னைச் 'சாமி' என்று கூப்பிட்டால் அன்றைக்கு என் கதை முடிந்தது.

காலையில் வேலை தொடங்குமுன் அவர் மூன்று சோதனை செய்வார். நிறைந்த தட்டு ஒன்று. வெறும் தட்டு ஒன்று. கடைசியாகத் தன் கைக்குட்டையை நான்காக மடித்து வாசல் ரோலரில் வைத்து, "போடு தம்பி" என்பார். கதவு கைக்குட்டை மேல் தடால் என்று இறங்கும். தினமும் இறங்கும். பாய் கைக்குட்டையை உருவி உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கதவில் சாக்பீஸால் 'கண்டுக்கலை' என்று எழுதுவார்.

"தெரிஞ்சதையே தினமும் எதுக்குங்க பாய் பாக்கறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரிஞ்சது நேத்து தம்பி. இன்னைக்கு இன்னும் பாக்கலியே."

அவர் கைக்குட்டைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கறுப்புக்கோடு இருக்கும். பாய் வீட்டம்மா அதைப் பற்றி என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது.

பிறகு ஆட்டோமேட்டிக் வந்தது. சுவிட்சு போடும் ஆளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். கடைசித் தட்டு உள்ளே போய், வாசல் காலி என்று தெரிந்த கொஞ்ச நேரத்தில் கதவு தானாக இறங்கும். சோதனைக்கு மட்டும் கையால் இறக்க ஒரு பட்டன் இருந்தது. வாசலைப் பார்க்க ஸ்பிரிங் ரோலரோடு எலக்ட்ரிக் கண்ணும் வைத்தார்கள். இந்தப் பக்கமிருந்து ஒரு வெளிச்சக் கோடு, அந்தப் பக்கம் அதைப் பார்க்கும் கண். குறுக்கே எது வந்தாலும் கதவு நிற்கும். வயரிங் என் கைங்கர்யம். முதல் நாள் பாயின் கைக்குட்டை மேல் கதவு இறங்கவில்லை. பாய் சிரித்தார், கதவில் இருந்த 'கண்டுக்கலை'யை ஈரத்துணியால் துடைத்தார். நான் பாவாயியிடம், "இனிமே கொசு பறந்தாக்கூடக் கண்டுக்கும், தைரியமா போ" என்று சவடாலாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் பாய் மகள் கல்யாணத்துக்கு லீவில் போனார். அவர் பஸ் மலை இறங்கியதும் மேகம் மலை ஏறியது.

ஏற்காட்டு மேகம் கதவு தட்டி உத்தரவு கேட்டு வருவதில்லை. ஷெட்டின் மேல் ஜன்னல் வழியாக வந்து, மிளகைச் சுற்றிப் பார்த்து, வாசல் ரோலர் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. எலக்ட்ரிக் கண்ணுக்கு மேகமும் ஒன்றுதான், மூட்டையும் ஒன்றுதான். ஏதோ நிற்கிறது என்று கதவை நிறுத்தியது. காலை முழுக்கக் கதவு இறங்கவில்லை, மிளகு காயவில்லை. மேனேஜர் வந்து என் வேலையைப் பற்றியும் என்னைப் பெற்றவர்களைப் பற்றியும் பேசினார். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலை யாரும் பார்க்காதபோது கண்ணின் வயரைக் கழற்றி, டேப் சுற்றி, பேனலுக்குள் தள்ளிவிட்டேன். இனி ஸ்பிரிங் ரோலர் மட்டும் போதும். கதவு ஜம்மென்று இறங்கியது. மேனேஜர், "பரவால்லியே" என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். கைக்குட்டைச் சோதனையை யார் செய்வது? என்னிடம் கைக்குட்டையே கிடையாது. சும்மாட்டைப் பற்றி எனக்கு நினைவே வரவில்லை.

அன்று டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். கதவு இறங்கியிருந்தது. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு அடியில் நீலக்கட்டம் போட்ட துணி ஒன்று பாதி வெளியே, பாதி உள்ளே நசுங்கிக் கிடந்தது.

பாவாயியின் சும்மாடு.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு எலக்ட்ரீஷியன் என்ன செய்ய வேண்டும்? சிவப்பு பட்டனை அமுக்க வேண்டும். அது என் மூக்குக்கு நேரே இருந்தது. நான் லைட் சுவிட்சை அணைத்தேன். ஷெட் இருண்டது, காற்றாடி நன்றாகவே ஓடியது. அடுத்து, எச்சரிக்கை மணி என்று நினைத்துச் சாப்பாட்டு மணியை அடித்தேன். பேக்கிங் ஆட்கள் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கைகழுவக் கிளம்பினார்கள். "ஐயோ! ஐயோ!" என்று கத்த வாயைத் திறந்தேன், வெளியே வந்தது சேவல் சத்தம். மலைச்சாமி சேர்வராயனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். (அந்த வேண்டுதலை நிறைவேற்றாமல் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டேன். அவரே தவணை முறையில் எடுத்துக்கொண்டார்.)

கடைசியில் சிவப்பு பட்டன் எப்படியோ கைக்கு வந்தது. காற்றாடி நின்றது. கதவைக் கைப்பிடியால் சுற்றி ஏற்ற வேண்டும்; முதலில் தப்பான பக்கம் சுற்றினேன். பிறகு சரியான பக்கம் சுற்றி, முழங்கால் உயரம் ஏறியதும் தரையோடு தரையாக உள்ளே நுழைந்தேன். ஆவி முகத்தில் அறைந்தது. கண் தெரியவில்லை. துழாவினேன். மூலையில் மெத்தென்று, சூடாக, அசையாமல் ஒன்று கையில் பட்டது.

"பாவாயி!"

அதைக் கட்டிப்பிடித்து, இழுத்து, வெளியே கொண்டுவந்து மடியில் போட்டுக்கொண்டு, "பாவாயி, கண்ணைத் தெற பாவாயி, என்னை மன்னிச்சுரு பாவாயி" என்று அழுதேன். சும்மா இல்லை, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க கரண்டுக்காரரே, அந்த மூட்டைய எதுக்குங்க எம்பேரச் சொல்லிக் கூப்பிடறீங்க?"

மடியில் இருந்தது ஒரு கோணிச் சாக்கு. பாவாயி, கையில் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பேக்கிங் ஆட்கள் அத்தனை பேரும், தூக்குப்போசியோடு.

யாரும் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் வெட்கம் வரவில்லை. சாக்கை மடியிலிருந்து இறக்கி வைத்தேன்.

"நீ உள்ள போகலியா?"

"போலாம்னுதானுங்க வந்தேன். நேத்து வரைக்கும் மேகம் வந்தாக் கதவு நின்னுக்கிச்சு. இன்னைக்கு மேகம் நொம்ப எறங்கியிருக்குது, கதவும் எறங்குது. அப்ப அந்தக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னுதானுங்களே அர்த்தம்? அதான் சும்மாட்ட மட்டும் வச்சுட்டு, அந்த மூட்டை அட்டிக்குப் பொறகால நின்னு பாத்தேன்." நசுங்கிய துணியை இழுத்து எடுத்தாள். "இது மேல எறங்கிருச்சுங்க."

எலக்ட்ரிக் கண்ணைப் பற்றிப் படிக்காதவள் அவள். படித்தவன் நான். கணக்கு அவளுக்குத்தான் சரியாக வந்தது.

"எனக்கு ஊட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க" என்றாள். அதற்குப் பதில் அவள் அந்த விளக்குமாற்றால் என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம்.

யாரும் உள்ளே போகக்கூடாது என்று சொல்லிவிட்டு ஆட்டோமேட்டிக்கை நிறுத்தினேன். பேனலைத் தொட எனக்குக் கை வரவில்லை. மறுநாள் காலை பாய் கல்யாண இனிப்போடு வந்தார். முதலில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அவர் நேராகக் கதவுக்குப் போனார். நிறைந்த தட்டு. வெறும் தட்டு. அப்புறம் கைக்குட்டை, புதுசு, கல்யாணத்துக்கு வாங்கியது.

தடால்.

பாய் அதை உருவி, கறுப்புக்கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"நான் போறப்பக் கண்டுக்கிச்சே சாமி?"

எல்லாவற்றையும் சொன்னேன். டேப், மேகம், மேனேஜர், கோணிச்சாக்கு. சாக்கு வந்த இடத்தில் அவர் சிரிப்பார் என்று கொஞ்சம் அழகுபடுத்திக்கூடச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"வயரைக் கழட்டுனீங்க, சரி. கழட்டின பெறகும் கதவு எப்படிங்க சாமி எறங்குது?"

"கண்ணு ஒண்ணும் சொல்லலீங்களே பாய். அதனால காலின்னு எடுத்துக்குது."

"ஒண்ணும் சொல்லலைன்னா காலியா?" பாய் என்னையே பார்த்தார். "இப்ப நான் வாயத் தொறக்கலைன்னா, நான் இங்க இல்லைங்களா சாமி?"

அதுதான் என் வயரிங்கில் இருந்த தப்பு. கண் ஏதாவது இருக்கிறது என்று சொன்னால் கதவு நிற்கும்படி செய்திருந்தேன். கண் செத்துப்போனால், வயர் அறுந்தால், எலி கடித்தால், காலி என்றே கதவு நம்பிக்கொள்ளும். பாய் அதைத் தலைகீழாக மாற்றச் சொன்னார். வாசல் காலியாக இருக்கிறது என்று ஒன்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பேச்சு எந்தக் காரணத்தால் நின்றாலும் கதவு அசையக்கூடாது. இரண்டாவது, மேகத்தையும் சும்மாட்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மேகத்துக்குக் கனமில்லை, சும்மாட்டுக்குக் கொஞ்சமாவது உண்டு. அந்தக் கொஞ்சம் தெரிகிற ஒரு தராசு வேண்டும்.

மூன்று நாள் உட்கார்ந்தோம். இரும்புப் பட்டை வைத்தோம், கனம். சைக்கிள் ஸ்போக்ஸ் வைத்தோம், வளைந்துவிட்டது. வெளியே மழை. பாய் தன் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தவர், அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் எடுத்து, "துணி பழசுதான்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கட்டிங் பிளேயரால் கம்பிகளைப் பிரித்தார்.

எலக்ட்ரிக் கண்ணை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கம்பியையும் நடுவில் ஊசியில் நிறுத்தினோம். நுனி ரோலர்களின் இடைவெளி வழியாக ஒரு விரல் உயரம் மேலே எட்டிப்பார்க்கும். வால் பக்கம் நட்டு. அதை ஒரு மரை திருகினால் நுனி எழும்பும், அரை மரை தளர்த்தினால் தாழும். வாலில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், பழைய பாய்லரிலிருந்து எடுத்தது, உள்ளே ஒரு சொட்டுப் பாதரசம். நுனி மேலே நின்றால் சொட்டு ஓடிப்போய் இரண்டு கம்பி முனைகளைச் சேர்க்கும். அதுதான் 'காலி' என்ற பேச்சு. நுனி மேல் துணி உட்கார்ந்தால் வால் எழும்பும், சொட்டு விலகும், பேச்சு நிற்கும், கதவும் நிற்கும். துணியை எந்த ஓரத்தில் வைத்தாலும் தெரிய மூன்று கம்பி. கைக்குட்டைக்கு நுனி இறங்கியது. பீடிக்கட்டுக்கு இறங்கியது. மேகம் வந்து அதன் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தது. கம்பி மதிக்கவே இல்லை.

பாவாயியைக் கூப்பிட்டோம். சும்மாட்டை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், வேறு ஓரத்தில் வைத்தாள். கதவு நின்றது.

"இப்ப நம்புறியா?" என்றேன்.

"கொசுவக் கண்டுக்கும்னு சொன்னதும் நீங்கதானுங்களே" என்றாள். "நீங்க உள்ள போங்க. நான் பட்டன அமுக்கறேன்."

பாயைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டோம். அடுப்பு மூட்டவில்லை. அறை குளிர்ந்து கிடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பேனலைச் சும்மா ஒருமுறை சரிபார்ப்பது போலத் திறந்து மூடிவிட்டு, கையை டவுசர் பையில் விட்டுக்கொண்டு கதவை நோக்கி நடந்தேன். பாய் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினார்.

"குடுங்க சாமி."

"என்னதுங்க பாய்?"

"பையில இருக்கற ப்யூஸ் கட்டைய."

கொடுத்தேன். அவர் அதைப் பேனலில் மறுபடி மாட்டினார். பாவாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

அவள் சும்மாட்டை அவளே வைத்தாள். நான் குனிந்து உள்ளே போய் மூலையில் உட்கார்ந்தேன். வாசலில் சாம்பல் வெளிச்சம், அதில் ஒரு நீலக்கட்டத் துணி. அதற்கு மேலே நான் எத்தனையோ முறை எண்ணெய் போட்ட இரும்புக் கதவின் பல். கீழேயிருந்து பார்க்க அது வேறு மாதிரி இருந்தது. இவ்வளவு நாள் இந்தப் பெண் இங்கே உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டுதான் மிளகு அள்ளியிருக்கிறாள், வெளியே என்னை நம்பி. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு வேர்க்க ஆரம்பித்தது, குளிர்ந்த அறையில்.

"பாவாயி, அமுக்கறதுக்கு முன்னால சொல்லிட்டு அமுக்கு!"

பதில் இல்லை.

"பாவாயி! கொஞ்சம் இரு, தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்!"

பதில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். குலதெய்வத்தில் தொடங்கி, சேர்வராயன் வழியாக, தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளுக்குப் போனேன்.

"பாவாயி, சீக்கிரம் அமுக்கித் தொலை தாயே, என்னால முடியல!"

"அமுக்கி நொம்ப நேரமாச்சுங்க" என்றது குரல். "அஞ்சாறு தடவ அமுக்கிட்டேன். வெளிய வாங்க."

தவழ்ந்து வந்தேன். பாய் எனக்குத் தன் கைக்குட்டையை நீட்டினார். கறுப்புக்கோடு போட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோட்டை முகத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

பாய் பேனலிலிருந்து பிடுங்கிய ப்யூஸ் கட்டையைப் பாவாயி வாங்கித் தன் மடியில் செருகிக்கொண்டாள். "இது எங்கிட்டயே இருக்கட்டுங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் உள்ளே போகும்போதெல்லாம் அது அவள் மடியிலும் சும்மாடு ரோலரிலும் என்று இரண்டு காவல் ஆனது. எந்த மேனேஜரும் அதை மாற்றச் சொன்னதில்லை. பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, குனிந்து உள்ளே போனாள்.

எனக்குத் தெரியும், கதவு இறங்காது. கரண்டே இல்லை. இருந்தாலும் அவள் கூட்டி முடித்து வெளியே வரும்வரை, பட்டனிலிருந்து பத்தடி தள்ளி, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றேன். பாய் என்னைப் பார்த்தார். சாக்பீஸ் எடுத்துக் கதவில் 'கண்டுக்கிச்சு' என்று எழுதினார். மறுநாள் காலையில் அதை அழித்துவிட்டு, கைக்குட்டையை மடித்து, மறுபடியும் பார்த்தார்.